அரசுத் தளமா, தனியார் தளமா? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கப்பல் தச்சர் கணக்கு

ஏழு வருடம் தொழில் பழகியாயிற்று. இனி டெப்ட்ஃபோர்ட், சாத்தம் போன்ற கடற்படையின் கப்பல் கட்டும் தளமா, தனியார் தளமா?

கூலி: அரசில் நாளுக்கு 2 ஷில்லிங் 1 பென்னி, அதுவும் பல மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். தனியாரில் போர்க்காலத்தில் அதைவிட நல்ல காசு.

நிலைப்பு: அமைதி வந்தால் தனியார் தளத்தில் வேலை வற்றிவிடும். அரசில் 1764 முதல் மூத்த தச்சர்கள் சிலருக்கு ஓய்வூதியமும் உண்டு.

மேல்வரும்படி: அரசுத் தளத்தின் சுவையே இதுதான். மூன்றடிக்குக் குறைந்த கழிவு மரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சரி, நல்ல ஓக் பலகை மூன்றடித் துண்டாக எத்தனை நேரமாகும்? 1801இல் இதை நிறுத்தி, பதிலுக்குப் பணம் கொடுத்தார்கள்.

உயர்வு: தாமஸ் ஸ்லேட் டெப்ட்ஃபோர்டில் தலைமைத் தச்சராக இருந்து, 1755இல் கடற்படையின் சர்வேயர், அதாவது போர்க்கப்பல்களை வடிவமைக்கும் உயர் அதிகாரி ஆனார்; ‘விக்டரி’ கப்பல் அவர் வரைந்ததே. ஹென்றி ஆடம்ஸ் கடற்படையின் மேற்பார்வையாளராக பக்லர்ஸ் ஹார்டு என்ற ஆற்றோரச் சிற்றூருக்குப் போய், அங்கேயே சொந்தமாகக் கட்டத் தொடங்கினார். புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சனுக்குப் பிடித்த ‘அகமெம்னான்’ கப்பல் 1781இல் அங்கிருந்துதான் நீரில் இறங்கியது. ஆனால் மகன்கள் காலத்தில் தொழில் நொடித்தது.

குடும்பஸ்தருக்கு அரசுத் தளம். கையில் முதலும் கொஞ்சம் துணிச்சலும் இருப்பவருக்கு ஆடம்ஸ் வழி. வெறும் கூலிக்காரராகத் தனியாரில் சேர்வதென்றால், போர் நடக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.