தட்டிப் பார்ப்பார், அடிக்க மாட்டார்: பழைய வண்ணாரப்பேட்டை ரிப்பேர் கடை

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டிப் பிரியும் சந்து ஒன்றில் இருக்கும், மிக்ஸி, மின்விசிறி, ஸ்டெபிலைசர், பழைய பெட்டி டிவி ஆகியவற்றைச் சரிசெய்யும் ஒற்றை ஆள் கடையைப் பற்றிய மதிப்புரை இது. இப்போது வரும் வேலையே தாங்கவில்லை, பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கான ஸ்டெபிலைசர் மாலை நேரங்களில் திடீர் திடீரென நின்றுபோகும். என் மாமியார் அதன் தலையில் ஓங்கி ஒன்று வைப்பார், உடனே ஓடும். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பது அவர் கட்சி. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கத்தில் அடித்தால் ஓடுகிறது என்று கேட்டார். பிறகு மூடியைக் கழற்றி, நூறு வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் லைன் வழியாக (மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயாமல் பல்பு தடுக்கும்) மின்சாரம் கொடுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் போர்டின் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்சான ஒரு ரிலேயின் மேல் தட்டியபோது மட்டும் விளக்கு கண் சிமிட்டியது. மின்சாரத்தைத் துண்டித்துப் போர்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து அந்த ரிலேயின் காலடியைப் பார்க்கச் சொன்னார். காலைப் போர்டோடு பிணைக்கும் ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை அளவில் வட்டமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்த இடத்தில் போர்டும் பழுப்பேறியிருந்தது.

"அடிச்சா ஓடுதுன்னா லூஸ் காண்டாக்ட்டும்மா. அது எங்கன்னு காட்டிக் குடுக்கத்தான் அடி, ரிப்பேர் பண்றதுக்கு இல்ல" என்றார். சூடேறும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, பல காலம் இப்படியே இருந்தால் ஈயப்பற்று களைத்து வெடித்துவிடுகிறது. வெளியிலிருந்து விழும் அடி விரிசலின் இரு பக்கத்தையும் சற்று நேரம் ஒட்டவைக்கிறது. அடுத்த முறை சூடானதும் மறுபடி விலகுகிறது. விட்டுவிட்டுத் தொடும் இடத்தில் தீப்பொறி பறந்து சூடு கூடுவதால், அடித்து அடித்தே ஓட்டுவது ஆபத்தும்கூட. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார். அதன்பின் மாமியாருக்கு அந்த வேலை இல்லாமல் போனது.

மிக்ஸிக்கும் இதே அணுகுமுறைதான். தட்டினால் சுற்றுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங்கால் அதைச் சுழலும் செப்புப் பகுதியான காம்யூட்டேட்டர்மேல் அழுத்திப் பிடிக்க முடியாமல் போயிருக்கும். அடியின் அதிர்ச்சியில் பிரஷ் நகர்ந்து ஒரு நொடி தொடுகிறது, அவ்வளவுதான். இரண்டு பிரஷையும் சேர்த்தே மாற்றுகிறார். அரைக்கும்போது பாரம் தாங்காமல் நின்ற மிக்ஸியைச் சிலர் அடித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடிப்பக்கத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்திக் காட்டிக் காசு வாங்காமல் அனுப்பிவிடுகிறார். கடற்காற்றின் உப்பு இந்தப் பக்கத்து வீடுகளில் சுவிட்சையும் பிளக்கையும் சீக்கிரம் களிம்பேற்றிவிடுவதால், எதைத் திறந்தாலும் காண்டாக்ட்டைத் தேய்த்துத் துடைத்துத்தான் மூடுகிறார்.

எதற்கு அடி உதவாது என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். குச்சியால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றும் சீலிங் ஃபேனுக்கு, மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சரை மாற்ற வேண்டும், தட்டிப் பயனில்லை. ஹார்டு டிஸ்கைத் தட்டியவர்களைத் திட்டியே அனுப்புகிறார். உலகம் முழுவதும் இந்தக் கதைதான். 1980-இல் வெளிவந்த ஆப்பிள் III கணினியில் சில்லுகள் சாக்கெட்டில் தளர்ந்தபோது, இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே போடும்படி நிறுவனமே யோசனை சொன்னது. பழுது லூஸ் காண்டாக்ட் என்பதால் அது பலித்தது. 1969-இல் அப்பல்லோ 12 பயணத்தின்போது நிலவில் சூரியனை நோக்கித் திரும்பிய டிவி கேமராவை விண்வெளி வீரர் ஆலன் பீன் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உள்ளே படக்குழாயே கருகியிருந்ததால் அது பலிக்கவில்லை.

குறைகளும் உண்டு. ரசீது கிடையாது, வாரண்டி வாய்ச்சொல்தான். நாளை என்றால் அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். போனையும் எடுக்க மாட்டார். இன்வெர்ட்டர் ஏசி போர்டு, எல்இடி டிவி போன்றவற்றைத் தொடுவதில்லை. கூலி நியாயம்தான், ஆனால் முன்கூட்டியே கேட்டால் திறந்து பார்க்காமல் சொல்ல மாட்டார், அதில் எனக்கு வருத்தமில்லை. மாற்றிய பழைய பாகத்தை அவராகத் தருவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.