பல்லிடுக்கில் சிக்கும் உணவு: ஃப்ளாஸ், இன்டர்டென்டல் பிரஷ், வாட்டர் ஃப்ளாசர் – நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஆட்டுக்கறி நார், முருங்கைக்காய்ச் சக்கை, நார் மிகுந்த மாம்பழம், வேர்க்கடலையின் மெல்லிய சிவப்புத் தோல் என எதைத் தின்றாலும் ஒரு துணுக்காவது என் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் தங்கிவிடும். அதற்காகவே பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் நூலான டென்டல் ஃப்ளாஸ், மெல்லிய கம்பியைச் சுற்றி நார் வைத்த சின்னஞ்சிறு இன்டர்டென்டல் பிரஷ், நீரைத் தாரையாகப் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசர் ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இடுக்குக்கு இடுக்கு கருவி மாறுகிறது. ஒன்றை மட்டும் வாங்கி வாய் முழுவதற்கும் போதுமென்று இருக்க முடிவதில்லை. எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரை வாயில் வைத்து நன்றாகக் கொப்பளித்தால், மேலோட்டமாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் அதிலேயே வெளிவந்துவிடும்.

முன்பற்களும், நெருங்கி நிற்கும் மற்றப் பற்களும் ஃப்ளாஸுக்கு உரியவை. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நூலை வெட்டி, அதன் பெரும்பகுதியை இரு கைகளின் நடுவிரல்களில் சுற்றிக்கொண்டு, இடையில் சிறிதளவை மட்டும் இறுக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து உள்ளே இறக்க வேண்டும். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் தாண்டும்போது நூல் சடக்கென்று இறங்கி ஈறுகளை வெட்டிவிடக்கூடும் என்பதால், கவனமெல்லாம் அந்த நொடிக்குத்தான் தேவை. தாண்டிய பின் நூலை ஒரு பல்லோடு அணைத்து வளைத்து, ஈறின் விளிம்புக்குள் சற்றே இறக்கி வழித்தெடுத்து, பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அதையே செய்ய வேண்டும். துணுக்கு பெரிதாக இருந்து நகர மறுத்தால், நூலில் ஒரு முடிச்சிட்டு அந்த முடிச்சைப் பக்கவாட்டில் இழுக்கலாம். எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது. கேப் (உறை) போட்ட பல்லருகே நூலை மேலே இழுக்காமல், ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவிவிடுவது பாதுகாப்பானது. மெழுகு பூசாத நைலான் நூல் நெருக்கமான இடங்களில் பிசிறுகிறது. மெழுகு பூசியது எளிதாக வழுக்கிச் செல்கிறது. ஆனால் எந்த நூலானாலும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கிழிகிறதென்றால், அங்கே சொத்தை விழுந்திருக்கலாம், அல்லது அடைத்த இடத்தின் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கலாம். அது நூலின் குறையன்று.

கடைவாய்ப் பற்களின் அகன்ற இடுக்குகளுக்கு இன்டர்டென்டல் பிரஷ் போல் வேறெதுவும் எனக்குப் பயன்படவில்லை. மூன்றில் எதை முதலில் வாங்கலாம் என்று நாற்பதைக் கடந்த ஒருவர் கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஏனெனில் ஈறுகள் இறங்க இறங்க இடைவெளியும் அகன்றுகொண்டே போகிறது. அளவுதான் இதில் எல்லாம். வற்புறுத்தாமல் நுழைய வேண்டும், ஆனால் நார்கள் இரு பற்களையும் தொட வேண்டும். கம்பி பல்லில் உரசினால் அடுத்த சிறிய அளவுக்கு மாறிவிட வேண்டும். அளவைக் குறிக்கும் நிறத்தை மட்டும் நம்பி வேறு நிறுவனத்தின் பிரஷை வாங்கினால் அளவு மாறிவிடுகிறது. அட்டையில் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை (பன்னாட்டுத் தரப்படியான அளவெண்) பார்த்து வாங்குவதே நல்லது. பற்பசை தேவையில்லை. கழுவிக் காயவைத்தால் ஒரே பிரஷ் சில நாட்களுக்கு வரும். நார் கலைந்ததும், கம்பி வளைந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பல் துலக்குவதோடு ஃப்ளாஸையோ இத்தகைய பிரஷையோ சேர்த்துக்கொண்டால் ஈறழற்சி மேலும் குறையக்கூடும் என்கிறது; சான்றுகள் வலுவானவையல்ல என்பதையும் அதுவே ஒளிக்காமல் சொல்கிறது.

1962-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய வாட்டர் ஃப்ளாசர், விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு எல்லாம் வல்லதன்று. சோற்றுப் பருக்கை, தேங்காய்த் துருவல், பருப்பு ஆகியவற்றை நொடியில் வெளியே தள்ளுகிறது. இறுகச் சிக்கிய கறி நாரிடம் தோற்றுப்போகிறது. பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களோடு இணைத்த செயற்கைப் பல்) கட்டியவர்களுக்கும் பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கும், நூல் கோக்க முடியாத இடங்களில், இது உண்மையிலேயே உதவும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, உதடுகளை லேசாக மூடி, வாஷ்பேசின் மீது குனிந்துகொண்டு பயன்படுத்தாவிட்டால் கண்ணாடியும் சட்டையும் நனையும். போர்வெல் நீர் ஊற்றினால் முனையில் உப்புப் படிந்து தாரை மெலிந்துவிடுகிறது; நான் வடிகட்டிய குடிநீரையே ஊற்றுகிறேன்.

உணவகங்களில் சோம்புத் தட்டுக்கருகே வைத்திருக்கும் பல்குச்சியை, கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் துணுக்கை வெளிப்புறமாகத் தட்டிவிடுவதற்கு மேல் பயன்படுத்துவதில்லை. ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, துடைப்பக் குச்சி ஆகியவை அறவே கூடாது. அவை ஈறுகளைக் குத்திப் புண்ணாக்கும். முறிந்த சிம்பு உள்ளே தங்கிவிட்டால் சீழ் பிடிக்கவும் கூடும்.

ஃப்ளாஸோ பிரஷோ பயன்படுத்தத் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களில் ஈறுகளில் சற்று இரத்தம் கசிவது பொதுவானது. நாள்தோறும் தொடர்ந்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும். அதற்குப் பிறகும் கசிந்தாலோ, ஈறு வீங்கி வலித்தாலோ, முன்பு சிக்காத இடத்தில் உணவு புதிதாகச் சிக்கத் தொடங்கினாலோ பல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.