மெய்நிகர் ஐபிக்காக 62,000 ரூபாயைத் தொலைத்தேன்: சர்வர் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று முன்தினம் இரவு பதினொரு மணிக்கு எங்கள் முதல் சர்வர் நின்றுபோனது. சர்வர் என்றால் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். அப்படி நிற்கும்போது இரண்டாவது சர்வர் அதே மெய்நிகர் ஐபி முகவரியை (ஒரே சர்வரோடு கட்டுண்டு கிடக்காமல், சர்வர்களுக்கிடையே கைமாறக்கூடிய இணைய முகவரி) எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர வேண்டும் என்பதற்காகத்தான், சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்திடம், அமைத்துத் தரும் கூலி உட்பட 62,000 ரூபாயைக் கட்டியிருந்தேன். ஆனால் திருப்பூர் நூல் வியாபாரிகள் பயன்படுத்தும் எங்கள் பில்லிங் மென்பொருள் காலை எட்டு மணி வரை எவருக்கும் திறக்கவில்லை.

நான் நம்பிய தருணத்தைச் சொல்லியாக வேண்டும். அமைத்து முடித்த அன்று அவர்களுடைய பொறியாளர் காணொளி அழைப்பில் வந்து, இரண்டாவது சர்வரின் திரையில் அந்த முகவரி பதில் தருகிறதா என்று விடாமல் கேட்கும் பிங்கை ஓடவிட்டு, முதல் சர்வரில் முகவரியைக் கைமாற்றும் மென்பொருளான கீப்அலைவ்டியை நிறுத்தினார். ஒரு பிங்கூடத் தவறவில்லை. "பாருங்க சார், அட்ரஸ் இங்க வந்துடுச்சு" என்றார். நானும் மகிழ்ந்து, மீதமிருந்த கூலியை அந்த அழைப்பு முடிவதற்குள் அனுப்பிவிட்டேன். ஒன்றுகூடத் தவறாததுதான் சந்தேகத்துக்குரியது என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

நேற்று முதல் சர்வர் உயிர்பெற்ற பிறகு இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே முகவரி இருந்தது. கீப்அலைவ்டி பின்பற்றும் வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறையில், முகவரியை வைத்திருக்கும் தலைமைச் சர்வர், தான் இருப்பதை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல சர்வர்களுக்குச் சேர்த்து அனுப்பும்) முகவரிக்கு நொடிக்கொரு முறை அறிவிக்கும். அந்த அறிவிப்பு நின்றால் சுமார் மூன்றரை நொடியில் மற்றது பொறுப்பேற்கும். இந்த நிறுவனத்தின் வலையமைப்பிலோ மல்டிகாஸ்ட் செல்வதே இல்லை. ஆகவே இரண்டு சர்வர்களும் முதல் நாளிலிருந்தே தம்மைத் தலைமை என்று எண்ணிக்கொண்டிருந்தன. அன்று பிங் அடித்த சர்வர் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது! போதாததற்கு, முகவரி இடம் மாறியதைத் தெரிவிக்கும் ஏ.ஆர்.பி. அறிவிப்பையும் அவர்களுடைய வலையமைப்பு ஏற்பதில்லை. முகவரி முதல் சர்வரின் பெயரிலேயே பதிவாகியிருந்ததால், அது இறந்துகிடந்த ஒன்பது மணி நேரமும் வாடிக்கையாளர்களின் கோரிக்கைகள் அங்கேயே போய் விழுந்தன. இரண்டாவது சர்வரின் திரையில் முகவரி பளிச்சென்று தெரிந்ததால், தடை அங்கேதான் என்று நினைத்து, நான் விடியும்வரை இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருந்தேன்.

புகார் செய்தால் கிடைத்த பதில்கள் இன்னும் கொடுமை. முதலில், சர்வரை மறுதொடக்கம் செய்யச் சொன்னார்கள். பிறகு, கீப்அலைவ்டி என் சர்வருக்குள் ஓடும் மென்பொருள் என்பதால் அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல, வலையமைப்பு மட்டுமே தங்கள் பொறுப்பு என்றார்கள். சரி, வலையமைப்பைப் பற்றியே பேசுவோம் என்றால், மல்டிகாஸ்டை விடாதது பாதுகாப்புக் கொள்கையாம், மாற்ற முடியாதாம். அமைத்துக் கொடுத்தவர் உங்கள் ஆள்தானே என்று கேட்டதற்கு, அவர் ஒப்பந்தப் பணியாளர், இப்போது இங்கில்லை என்ற ஒருவரிப் பதில் வந்தது. 62,000 ரூபாயில் ஒரு பகுதியையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். கூலியும் ஆண்டு வாடகையும் திரும்பாது என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

விரிவான வழிகாட்டியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இந்தக் கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. சோதனையை வெளியிலிருந்து, உங்கள் கைபேசி இணையத்திலிருந்தே செய்யுங்கள். சேவையை நிறுத்திக் காட்டினால் போதாது, சர்வரையே அணைக்கச் சொல்லுங்கள். மல்டிகாஸ்ட் செல்லுமா, செல்லாவிட்டால் யூனிகாஸ்டில் (ஒரு சர்வரிலிருந்து மற்றதற்கு நேரடியாக அனுப்பும்படி) அமைப்பார்களா, முகவரியை மாற்ற அவர்களுடைய ஏ.பி.ஐ.யை (மென்பொருள் வழியாகக் கட்டளை அனுப்பும் வாயில்) அழைக்க வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இப்போதைக்கு, தளத்தின் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ். பதிவில் இரண்டாவது சர்வரின் சொந்த முகவரியைக் கையால் எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு 62,000 ரூபாய் தேவைப்பட்டிருக்காது.