பாய்ப்படகை எங்கே கட்டுவது, எங்கே ஏற்றுவது? மணப்பாடு, தூத்துக்குடி, உவரி, புன்னைக்காயல்

பனி உறையும் நாடுகளில் பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எளிது. நீர் உறையுமுன் படகைக் கரையேற்றி, வெயில் திரும்பியதும் இறக்கிக் கட்டிவிடுவார்கள். நெல்லைச் சீமைக் கடலில் பனிக்கட்டி இல்லையென்பதால் படகை ஆண்டு முழுவதும் தண்ணீரிலேயே விட்டுவைக்கலாம் என்று, இருபத்திரண்டு அடி மரப்படகு ஒன்றை வாங்கிய முதல் ஆண்டில் நானும் என் மைத்துனரும் நம்பினோம். ஐப்பசி பிறந்து கொண்டல் என்னும் கீழ்க்காற்று வலுத்ததும் அந்த நம்பிக்கை கலைந்தது. இங்கே படகுக்குப் பகை காற்றின் திசைதான். ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்றான கச்சானும் தென்காற்றான சோழகமும் ஒரு பக்கத்திலிருந்து அடிக்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகாற்றான வாடையும் கொண்டலும் மழையோடும் சில ஆண்டுகளில் புயலோடும் மறுபக்கத்திலிருந்து வருகின்றன. ஆகவே கோடைக்குக் கட்ட ஓர் இடமும், மழைக்காலத்துக்கு ஏற்றிவைக்க ஓர் இடமும் தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கிறது. நாங்கள் பார்த்த இடங்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

கோடைத்துறை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் தூத்துக்குடி. வ.உ.சி. துறைமுகத்தின் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுடையவை; உள்ளே தண்ணீர் குளம்போல் கிடக்கும். ஆனால் அது கப்பல்களுக்கான, காவலுக்கு உட்பட்ட இடம். மீன்பிடித் துறைமுகத்திலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. நமக்கு இடம் வேண்டிய கோடையும் அதே நாட்கள்தாம். எதிரே தெரியும் வான்தீவின் மறைவில் நங்கூரம் போடலாமே என்று தோன்றும். அந்தத் தீவு, 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் ஒன்று. நங்கூரம் விழுகிற இடத்தில் பவளப்பாறை உடையும் என்பதை அறிந்தவர் அந்த ஆசையை விட்டுவிடுவார். தூத்துக்குடியின் உண்மையான பலம் வேறு: தோணி கட்டிய ஊர் என்பதால், பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கத் தெரிந்த கை இன்னும் அங்கே கிடைக்கிறது. பழுது பார்க்கப் போக வேண்டிய ஊர் அது, தங்குவதற்கு அன்று.

உவரியில் தூண்டில் வளைவு இருக்கிறது. கல்லைக் கொட்டி வளைத்த அந்தச் சுவரின் உள்மூலையில் நாலைந்து படகு அமைதியாக நிற்கலாம். ஆயினும் அது ஊர் மீனவர்களின் ஃபைபர் படகுகளுக்காகப் போடப்பட்டது; அவர்களிடம் கேட்காமல் அங்கே கயிறு போடுவது முறையன்று. மேலும், சுவரின் ஒருபுறம் மணல் சேரச் சேர ஆழம் மாறுகிறது. சென்ற ஆண்டு மிதந்த இடத்தில் இந்த ஆண்டு ஏரா (படகின் அடிமரம்) தரைதட்டும். இவற்றைவிடப் பெரிய குறை கள்ளக்கடல். சித்திரை, வைகாசியில் உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும், வெகுதொலைவில் தென்கடலில் எழுந்த நெடிய அலை கரைக்கு வந்து ஏறும். தெற்கே திறந்து கிடக்கும் உவரிக்கு அதிலிருந்து மறைவு குறைவு. அந்த ஊரின் கப்பல் மாதா கோயில் கப்பல் வடிவில் கரையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், உவரியில் கலங்காமல் நிற்கும் கலம் அது ஒன்றுதான் என்று என் மைத்துனர் சொல்வார்.

புன்னைக்காயலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் என்பதால் நன்னீரில் சில வாரம் நிறுத்தினால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் அடியில் ஒட்டிய கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் சாகும். மரப்படகுக்கு அது மருந்து. முகத்துவாரத்து மணல்திட்டைக் கடப்பது தொல்லை, மழைக்காலத்திலோ ஆபத்து. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, ஆறு கரை மீறியதை நேரில் பார்த்த எவரும் ஆற்று வாயில் படகைக் கட்டிவிட்டு உறங்க மாட்டார்.

எங்கள் தேர்வு மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கும் அந்த மணல்மேடு தெற்கு அலையைத் தன் முதுகில் வாங்கிக்கொள்வதால், பங்குனி முதல் ஆவணி வரை அதன் வடபுறம் ஒதுக்கமாக இருக்கிறது. புயலில் தப்பி வந்த போர்ச்சுகீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தில் செய்து 1540-இல் நட்டதாகச் சொல்லப்படும் சிலுவையும், 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயமும் அந்த மேட்டின் மேல்தான் இருக்கின்றன. பாய்மரம் முறிந்தவனும் தேடி வந்த இடம் என்று அதைப் பார்க்கிறேன். குறையும் உண்டு. "வடக்க காத்து திரும்பிச்சின்னா இங்க நிக்காது தம்பி, அதுக்கு முன்னால ஏத்திருங்க" என்று கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முதல் நாளே சொன்னார். அது முற்றிலும் உண்மை.

அங்கே கட்டும் முறையில் ஒரு தவற்றை நாங்கள் செய்து கற்றோம். படகைப் பிடித்து நிறுத்தக் கடலடியில் போட 300 கிலோ கான்கிரீட் கல் போதும் என்று கணக்கிட்டோம். தண்ணீருக்குள் கான்கிரீட் தன் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிடுகிறது, ஆகவே அடியில் கிடந்தது 175 கிலோ அளவுக்குத்தான் இழுவையைத் தாங்கியது. கல்லை மாற்றினோம், சங்கிலியையும் நீளமாக்கினோம். சங்கிலி மணலில் புரண்டு புரண்டு ஓரிடத்தில் மட்டும் கண்ணிகள் மெலிந்திருந்தன. விரலால் தடவினால் நடுவில் இடுப்பு ஒடுங்கியது போல் தெரிந்தது. படகின் அணியத்தில் (முன்முனையில்) கயிறு உரசும் இடத்துக்குப் பழைய ரப்பர்க் குழாயைச் சுற்றியிருக்கிறோம்.

மழைக்காலத்துக்கு ஏற்றிவைக்க மூன்று வழிகளைப் பார்த்தோம். இக்கடலில் நீர்மட்ட ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு; வற்றும்போது படகு தானே தரையில் அமரும் என்று காத்திருக்க முடியாது. உருளைக்கட்டை வைத்து ஆள் கூட்டி இழுக்கத்தான் வேண்டும். முதல் ஆண்டு கரையோரக் கொட்டகை ஒன்றில் வாடகைக்கு விட்டோம். அடிப்பலகையில் இருந்த வடிகால் மூடியை அவர்கள் கழற்றவில்லை. கார்த்திகை மழையில் படகு தொட்டியாக நிறைந்து நின்றது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். தாங்கு கட்டைகள் இரண்டு பிளந்திருந்தன. தூத்துக்குடிப் பட்டறையில் விடுவது பாதுகாப்பானது. ஆனால் வேலை இல்லாத படகுக்கு அங்கே இடம் தர மனம் வருவதில்லை, வாடகையும் கூடுதல்.

மூன்றாவது வழி தேரி. உடன்குடிக்கு மேற்கே உறவினர் ஒருவரின் பனந்தோப்பில், செம்மணல் மேட்டில் ஓலைக்கொட்டகை போட்டு வைத்திருக்கிறோம். ஆடியில் அங்கே படகை வைத்தால் பறக்கும் மணல் கப்பி உருளை, பூட்டு, ஆணித்துளை என எதையும் விடாது. ஐப்பசியில் அதே மணல் நனைந்து படிந்துவிடுகிறது, எவ்வளவு மழை பெய்தாலும் தேங்காமல் கீழே இறங்கிவிடுகிறது. லாரியில் ஏற்றும்போது பாய்மரத்தை இறக்கிவிட வேண்டும், மின்கம்பி தாழ்ந்த ஊர் வழிகள் அவை. பாயை நன்னீரில் அலசி உலர்த்தி வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுகிறோம்; கொட்டகையில் விட்டால் எலி விடாது. வறண்டு கிடக்கும் மரப்படகின் பலகைகள் சுருங்கி இடுக்கு விரியும் என்பதால், மழை விட்ட மார்கழிக் கடைசியிலிருந்து நனைத்த சாக்கை உள்ளே விரித்து வைக்கிறோம். மாசியில் கைநகம் நுழைகிற இடுக்கு எதுவும் இல்லாதிருந்தால் கலப்பத்துக்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஆகக் கோடைக்கு மணப்பாடு, மழைக்குத் தேரி, மூன்றாண்டுக்கு ஒருமுறை பழுதுக்குத் தூத்துக்குடி என்று எங்கள் கணக்கு நிற்கிறது. ஃபைபர் படகுக்காரர் புழுவைப் பற்றியும் இடுக்கைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. ஊரார் ஒப்புக்கொண்டால் அவருக்கு உவரியே பக்கமாகப் படலாம். ஏற்றும் நாளை மட்டும் நாங்கள் தள்ளிப்போடுவதில்லை: ஒக்கி புயல் 2017-இல் நவம்பர் இறுதியில் வந்தது, எங்கள் லாரி புரட்டாசிக் கடைசி வாரமே வந்துவிடுகிறது.