குடும்ப பைபிளா, நிலப் பட்டயமா?

1635-இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகருக்கு நிலம் வழங்கிய பட்டயம் ஒன்று இருக்கிறது. அவர் செலவில் வந்து சேர்ந்தவர்களின் பட்டியலில் ஒரு பெயர்: டோனி, கிழக்கிந்தியர். வயது இல்லை, ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. அமெரிக்கப் பதிவுகளில் தென்படும் மிகப் பழைய இந்தியர்களில் ஒருவர் இந்த டோனி. சோழமண்டலக் கரைக்காரர் என்றும், ஒரு படி மேலே போய்த் தமிழரேதான் என்றும் சொல்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் பட்டயம் அதைச் சொல்லவில்லை.

டோனியைத் தேடப்போய்த்தான் இந்தப் பழைய காகிதங்களில் மாட்டிக்கொண்டேன். அப்புறம், தன் குடும்பம் வர்ஜீனியாவுக்கு எப்போது வந்தது என்று துருவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் கொஞ்சம் கைகொடுத்தேன். அவரிடம் ஒரு குடும்ப பைபிள் இருந்தது. எனக்கோ பட்டயங்கள்தான் பழக்கம். எதை நம்புவது என்று இரண்டு பேரும் நிறையவே வாதாடியிருக்கிறோம்.

முதலில் அவர் கட்சி. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே சில வெற்றுப் பக்கங்கள் விட்டிருப்பார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அங்கே ஏறும். வர்ஜீனியாவில் பிறப்பு, இறப்பைப் பதியும் மாநிலச் சட்டம் வந்ததே 1853-இல்தான். அதற்கு முன் ஆங்கிலிக்கன் தேவாலயப் பதிவேடுதான் கதி, அதிலும் பிழைத்தவை குறைவு. ஆகவே பைபிளுக்குக் கிராக்கி. அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது, திருமணத்துக்குச் சான்றாக பைபிள் பக்கங்களைக் கிழித்தே அனுப்பியிருக்கிறார்கள்.

பைபிளைத் திறந்ததும் நான் பார்ப்பது பெயர்களை அல்ல, அச்சிட்ட ஆண்டை. 1840-இல் அச்சான புத்தகத்தில் 1690-இன் பிறப்பு இருந்தால், யாரோ பின்னால் உட்கார்ந்து எழுதியது அது. ஒரே மை, ஒரே கையெழுத்து என்றால் சந்தேகமே வேண்டாம். பழையதிலிருந்து பார்த்து எழுதியிருக்கலாம், பாட்டி சொன்னதாகவும் இருக்கலாம். அச்சில் வந்த வம்சாவளி நூல்கள் இன்னும் மோசம். கஸ்டாவ் ஆன்ஷூ என்றொருவர் பணக்கார அமெரிக்கர்களுக்குக் கேட்ட மாதிரி முன்னோர்களைச் செய்து கொடுத்தே பிழைத்தார். அந்தப் போலிகள் இன்றும் குடும்ப மரங்களில் காய்த்துக்கொண்டிருக்கின்றன.

இனி நிலம். லேண்ட் பேட்டன்ட் என்றால் கண்டுபிடிப்புக்குத் தரும் காப்புரிமை அல்ல. தரிசு நிலத்தை அரசு முதன்முதலாக ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் பட்டயம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் தாய்ப்பத்திரத்துக்கும் தாய். 1618 முதல் ‘ஹெட்ரைட்’, அதாவது தலை உரிமை என்ற ஏற்பாடு இருந்தது. ஓர் ஆளைக் கடல் கடத்திக் கொண்டுவரும் செலவை ஏற்றவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். அதற்காகத்தான் பட்டயங்களில் பெயர்ப் பட்டியல். அதனால்தான் டோனியின் பெயர் இன்றுவரை பிழைத்துக் கிடக்கிறது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டயத்தின் தேதியை முன்னோர் கரையிறங்கிய தேதியாக எழுதிவிடுகிறார்கள். ஆள் வந்து, நீதிமன்றச் சான்று வாங்கி, நிலம் அளந்து, பட்டயம் கைக்கு வர ஆண்டுக்கணக்காகலாம். தலை உரிமையை விலைக்கும் விற்றார்கள், அதனால் பட்டயம் வாங்கியவர் அந்த ஆளைக் கண்ணால்கூடப் பார்த்திராமல் இருக்கலாம். கப்பல் தலைவர்கள் தங்கள் மாலுமிகளையே கணக்குக் காட்டினார்கள். இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பியவர் தன் தலைக்கே மறுபடி 50 ஏக்கர் கேட்டதும் நடந்தது. ஒரே பெயர் நான்கு பட்டயங்களில் வந்தால் நான்கு பேர் என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவு தில்லுமுல்லு இருந்தும் நான் ஏன் நிலத்தின் பக்கம்? நிலம் நகராது, அதனால்தான். ஓடை, ஓக் மரம், ‘இன்னாருடைய வேலி’ என்று எல்லை எழுதுவார்கள். நம் பத்திரத்துச் செக்குபந்தியேதான். பதினாறரை அடிக்கு ஒரு ‘போல்’ என்ற அளவை வைத்துத் தாளில் வரைந்தால், பக்கத்துப் பட்டயங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வரும். ஒரே பெயரில் இரண்டு ஜான்கள் இருந்தால், எந்த ஓடைக்கரை ஜான் என்பதை வைத்துப் பிரித்துவிடலாம். பைபிளால் அது முடியாது.

உறவும்கூட நிலத்தில் ஒளிந்திருக்கும். உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கு என்பது அன்றைய சட்டம். வாங்கியதற்குப் பத்திரமே இல்லாமல் ஒருவர் அந்த நிலத்தை விற்கிறார் என்றால், முந்தைய உரிமையாளரின் மூத்த மகனாக இருக்க வாய்ப்பு அதிகம். கணவனுக்குப் பின் மூன்றில் ஒரு பங்கில் மனைவிக்கு ஆயுள் உரிமை இருந்ததால், விற்கும்போது அவளைத் தனியே விசாரித்துச் சம்மதம் பதிந்தார்கள். பைபிளே இல்லாத வீட்டில் மனைவியின் பெயர் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று, நெருப்பு. உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று சில கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) தங்கள் ஏடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தது. மெனிஃபி வாழ்ந்த ஜேம்ஸ் சிட்டி கவுண்டியின் ஏடுகளும் அதில் போயின. பட்டயப் புத்தகங்கள் தப்பின. வர்ஜீனியா நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நியாயமாகச் சொன்னால், அதே நூலகம் பைபிள் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. எதைப் படித்தாலும் ஒரு எச்சரிக்கை: 1752-க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி 1650 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1651.

பெரியவரும் நானும் சமாதானமானது ஒரே இடத்தில்: தேவாலயக் குழுவின் ஏடு. நான்காண்டுக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் கூடி எல்லை மரங்களைச் சுற்றி நடந்து அடையாளத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். எந்த நிலம் யாருடையது, யார் உடன் நடந்தார்கள் என்று அந்த ஏட்டில் இருக்கும். நிலத்தைப் பற்றிய பதிவு, வைத்திருந்ததோ தேவாலயம்.

நிலம் கைவிடும் இடமும் உண்டு. குத்தகைக்காரர், ஒப்பந்தக் கூலி, அடிமை இவர்களுக்குப் பட்டயம் ஏது? அடுத்தவர் பட்டயத்தில் ஒரு தலையாக வந்தால் உண்டு. விதிவிலக்குகள் அபூர்வம். ‘நீக்ரோ அன்டோனியோ’ என்ற குறிப்போடு 1621-இல் வந்த ஒருவர், அந்தோணி ஜான்சனாகி 1651-இல் ஐந்து தலைக்கு 250 ஏக்கர் வாங்கினார். அவர் இறந்த பின், அவர் கறுப்பர், ஆகையால் அந்நியர் என்று சொல்லி அந்த நிலத்தை அரசுக்கு உரியதாக்கினார்கள். அதற்குள் குடும்பம் மேரிலாந்துக்குப் போயிருந்தது. அங்கே 1677-இல் பேரன் ஜான் 44 ஏக்கர் வாங்கினார். அந்தக் குடும்பத்தின் பைபிள் எதுவும் நான் பார்த்ததில்லை. பேரன் தன் பண்ணைக்கு வைத்த பெயர் மட்டும் நிலப் பதிவில் இருக்கிறது: அங்கோலா.