ஷாட்கட்டில் ஆறு வருடம்: வீட்டு வீடியோக்களை நானே வெட்டி ஒட்டிய அனுபவம்

2019 தீபாவளிக்கு முந்தின வாரம் ஆச்சி முறுக்கு சுற்றிக்கொண்டே தான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னாள். போனில் எடுத்தது, 14 நிமிடம். படம் ஆடுகிறது, பாதி நேரம் வாணலிதான் தெரிகிறது. ஆனால் குரல் முழுசாக இருக்கிறது. அதை ஒழுங்காக்கி வைக்க வேண்டும் என்றுதான் கணினியில் எடிட்டிங் மென்பொருள் தேட ஆரம்பித்தேன்.

எனக்குப் பழக்கமானது விண்டோஸ் மூவி மேக்கர். 2000-ல் விண்டோஸ் எம்.இ.யோடு வந்தது, 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது. மாற்றாக ஒரு கட்டண மென்பொருளின் இலவசப் பதிப்பை எடுத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து வேலை செய்தேன். எக்ஸ்போர்ட் செய்து பார்த்தால் ஆச்சி முகத்துக்குக் குறுக்கே அந்த நிறுவனத்தின் பெயர். அதை அன்றே நீக்கிவிட்டு ஷாட்கட்டை இறக்கினேன். முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், வாட்டர்மார்க் கிடையாது, கணக்குத் தொடங்கவும் சொல்லாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதுவரை முப்பதுக்கு மேல் வீடியோ முடித்திருக்கிறேன்.

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. மூவி மேக்கர் மாதிரி கையைப் பிடித்து அழைத்துப் போகாது. கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையான டைம்லைனில் கிளிப்பை இழுத்துப் போடுவது, 'எஸ்' கீ அழுத்தி வெட்டுவது, 'எக்ஸ்' அழுத்தினால் வேண்டாத துண்டு போய் இடைவெளியும் மூடிக்கொள்வது, இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் வீட்டு வீடியோவுக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒரே டிராக்கில் ஒரு கிளிப்பை இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்தால் மங்கி மாறும் டிரான்சிஷன் தானாக வந்துவிடும்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே கவனியுங்கள். வீடியோ மோடு 'ஆட்டோமேட்டிக்'கில் இருந்தால், முதலில் போடும் கிளிப்பின் அளவைத்தான் மொத்த புராஜெக்ட்டும் எடுத்துக்கொள்ளும். தங்கை பையன் பிறந்தநாள் வீடியோவில் யாரோ போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த கிளிப்பை முதலில் போட்டேன், மற்றதெல்லாம் குச்சி மாதிரி ஒடுங்கிய சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அப்புறம் ஒவ்வொரு முறையும் மோடை நானே 1080பி என்று தேர்ந்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

போன் வீடியோவில் இன்னொரு சங்கதி. பெரும்பாலான போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராகப் பதிவு செய்வதில்லை, வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் தகுந்தபடி கூட்டிக் குறைக்கும். அதை அப்படியே எடிட் செய்தால் போகப் போக உதடும் குரலும் பிரியக்கூடும். அப்படிப்பட்ட கிளிப்பைத் திறக்கும்போது எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவா என்று ஷாட்கட்டே கேட்கிறது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், நேரம் பிடித்தாலும் பரவாயில்லை. 4கே கிளிப் என்றால் ப்ராக்ஸியைப் போட்டுக்கொள்வேன். எடிட் செய்யும்போது 540பி-யில் ஒரு சின்ன நகலைக் காட்டும், எக்ஸ்போர்ட்டுக்கு அசல் கோப்பையே எடுக்கும். என்னுடைய 8 ஜிபி ராம் லேப்டாப் இன்றுவரை தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

ஆனால் நான் ஷாட்கட்டை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் சத்தம்.

அக்கா கல்யாணம் 2006-ல். மூன்று டிவிடி கொடுத்தார்கள். முகூர்த்தம் முழுக்கப் பாட்டுப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். தாரை வார்க்கும்போது அப்பா தழுதழுத்து ஏதோ சொல்கிறார், வாய் அசைவது மட்டும் தெரிகிறது. அப்பா இப்போது இல்லை. அந்தக் குரலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் என் வீடியோக்களில் பேச்சின் மேல் பாட்டுப் போடுவதே இல்லை.

ஆச்சி வீடியோவில் 'டிடாச் ஆடியோ' கொடுத்துக் குரலைத் தனியாகப் பிரித்தேன். படம் ஆடும் இடங்களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து, அளவு மாற்றும் ஃபில்டரில் இருக்கும் 'ஸ்லோ ஜூம் இன்' போட்டேன். மேலே மின்விசிறி இரைச்சல். தாழ்ந்த சுருதிச் சத்தத்தை வடிகட்டும் 'ஹை பாஸ்' ஃபில்டரை 100 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்ததும் அடியில் இருந்த ஊமைச் சத்தம் அடங்கியது. கடைசியாக 'நார்மலைஸ்: டூ பாஸ்'. கிளிப் முழுவதையும் ஒருமுறை அலசிவிட்டு ஒலியைச் சரிசெய்யும். அதில் ஒலி எவ்வளவு உரக்க இருக்க வேண்டும் என்ற அளவு (LUFS) மைனஸ் 23 என்றிருக்கும், அது ஐரோப்பிய ஒளிபரப்புக்கான அளவு. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். போனில் கேட்க அது போதாது, மைனஸ் 16 வைத்தால் அடுப்படியில் நின்று கேட்டாலும் தெளிவாகக் கேட்கும்.

ஒரு தடவை பெரிய இழப்பு ஆகியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று வீடியோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். புராஜெக்ட்டைத் திறந்தால் கோப்புகளைக் காணோம் என்று பட்டியல் போடுகிறது. ஷாட்கட் புராஜெக்ட்டைச் சேமிக்கும் எம்எல்டி கோப்புக்குள் வீடியோ இருக்காது, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். நல்லவேளை, புது ஃபோல்டரைக் காட்டியதும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டது. இப்போது ஒரு வீடியோவுக்கு ஒரு ஃபோல்டர், புராஜெக்ட் கோப்பும் அதற்குள்ளேயே. அப்படியே தூக்கி எங்கே வைத்தாலும் திறக்கிறது.

தலைப்பு வைப்பதில் ஷாட்கட் சுமார்தான், ஆடம்பரமான டெம்ப்ளேட்டுகள் கிடையாது. தமிழ் எழுத்துக்கு விண்டோஸில் இருக்கும் நிர்மலா எழுத்துரு போதும். பத்து நிமிடத்தில் ஒரு வாழ்த்து வீடியோ வேண்டும் என்றால் விண்டோஸ் 11-லேயே வரும் கிளிப்சாம்ப் சுலபம், சித்தி மகளுக்கு அதைத்தான் சொன்னேன். டாவின்சி ரிசால்வ் அருமையான மென்பொருள், ஆனால் அதற்கு என் லேப்டாப் தாங்காது.

மாமா வீட்டில் நான்கு விஹெச்எஸ் கேசட் கிடைத்திருக்கிறது. ஒன்றில் 'காதுகுத்து 1997' என்று அத்தை கையெழுத்து. இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. இந்தக் கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டதால், ஓடுகிற நிலையில் பழைய விசிஆர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காதுகுத்தில் அப்பா பேசுகிறார் என்று மாமா சொல்கிறார்.