36 கேள்விகள், முக்கால் மணி நேரம்: பெர்க்லியின் இலவசப் பயிற்சி தேறுமா?

வேறு இனத்தவர் ஒருவரோடு தனியாக உட்கார நேர்ந்தால் பலருக்கும் வாய் கட்டிப்போகிறது. அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் இது தினசரிக் காட்சி. 'ஏதாவது உளறி இனவெறியன் என்று பெயர் வாங்கிவிடுவோமோ' என்று வெள்ளை மாணவர் தயங்குவார். 'நம்மை மட்டமாக எடை போடுகிறாரோ' என்று கறுப்பின மாணவரோ லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவரோ தயங்குவார். எதிராளிக்கும் பேச ஆசைதான் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. இதைச் சரிசெய்கிறோம் என்று நிறுவனங்கள் காசு கொட்டி நடத்தும் அரைநாள் சொற்பொழிவுகளைவிட, காசே கேட்காத ஒரு பயிற்சி மேல் என்பது எங்கள் மதிப்பீடு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேட்டர் குட் மையம் தன் இணையதளத்தில் வைத்திருக்கும் 36 கேள்விகள்தான் அது. இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டு, பதில் சொல்லி நெருக்கமாவதற்கானவை.

கேள்விகள் உளவியலாளர் ஆர்தர் ஏரனும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. 2015-இல் 'காதல் வரவழைக்கும் கேள்விகள்' என்று இணையத்தில் பரபரப்பாகச் சுற்றியதும் இதே பட்டியல்தான். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த 'நான்கு நிமிடம் கண்ணோடு கண் பார்த்தல்' இந்த 36-இல் சேர்த்தி கிடையாது. யாராவது கேட்டாலும் சேர்க்காதீர்கள். பதற்றத்தோடு வந்தவரை அது இன்னும் நெளிய வைக்கும்.

இன எல்லை தாண்டியும் இது பலிக்குமா? உளவியலாளர் எலிசபெத் பேஜ்-கூல்டும் இரண்டு சக ஆய்வாளர்களும் லத்தீனோ, வெள்ளை மாணவர்களை ஜோடி சேர்த்து, இந்த வகையில் நட்பை வளர்க்கும் சந்திப்புகளை மூன்று முறை நடத்திப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். 'என் இனத்தைக் காரணமாக வைத்து ஒதுக்கப்படுவேன்' என்ற அச்சம் மிகுந்தவர்களுக்கும், மற்ற இனத்தவரைப் பற்றி உள்ளூர முன்முடிவு மிகுந்தவர்களுக்கும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் ஏற்றம் சந்திப்புக்குச் சந்திப்பு குறைந்தது. பிறகு எழுதிய நாட்குறிப்புகளில், முன்முடிவு மிகுந்தவர்களே மற்ற இனத்தவரிடம் தாமாகப் போய்ப் பேசத் தொடங்கியதும் தெரிந்தது. ஆகவே முதல் நாள் இறுக்கத்தைப் பார்த்துவிட்டு 'இது வேலைக்கு ஆகாது' என்று மூட்டை கட்டக்கூடாது. மூன்று சந்திப்புக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் தொடங்காமல் இருப்பதே நல்லது.

தேவையானவை: ஒரு டைமர், இரண்டு நாற்காலிகள், தொகுதிக்கு ஒன்றாக மூன்று தாள்கள். 36 கேள்விகளும் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன; தொகுதிக்கு 12 கேள்வி, 15 நிமிடம். தாள்களை ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கண் கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடும், முதல் கேள்விக்குப் பதில் அரைமனதாக வரும். நாற்காலிகளை முன்கூட்டியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சற்றுச் சாய்வாகப் போட்டுவிடுங்கள். போலீஸ் இனம் பார்த்து மறிப்பதைப் பற்றிக் கறுப்பினத்தவரோடு பேசப்போகிறோம் என்று எதிர்பார்த்த வெள்ளையர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டதை 2008-இல் வந்த வேறொரு ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், 'எதிராளியிடமிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்கள்' என்று சொல்லி உட்கார வைத்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. அந்த ஒரு வரியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பயிற்சியின் உயிர் கேள்விகளின் ஆழத்தைவிட முறை மாறுவதில்தான் இருக்கிறது. கேள்வியை ஒருவர் வாசிக்க, இருவருமே பதில் சொல்ல வேண்டும். அடுத்ததை மற்றவர் வாசிப்பார். யார் ஆரம்பிப்பது, எவ்வளவு சொல்வது என்ற குழப்பத்துக்கே இடமில்லை. பதற்றத்தில் பாதி அந்தக் குழப்பம்தான். இது தவறும் இடமும் இங்கேதான்: ஒருவர் கேட்டுக்கொண்டே போக, சிறுபான்மையினர் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், பேட்டி கொடுக்க வந்தவர் மாதிரி. மேற்பார்ப்பவர் இதைக் கண்டவுடன் குறுக்கிட வேண்டும். 15 நிமிடம் ஆனதும், பாதிக் கேள்வியில் நின்றாலும் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். பன்னிரண்டையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

எட்டாம் கேள்வியைத் தவறவிடாதீர்கள்: உங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிகிற மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். முதல் இரண்டு சுலபமாக வந்துவிடும். ஒரே கல்லூரி, ஒரே பாடம். மூன்றாவதற்குத்தான் எதிராளி இதுவரை சொன்னதை நினைவில் தேட வேண்டியிருக்கும். எந்தப் பதிலுக்குள்ளாவது இனம் என்ற பேச்சு தானாக வந்தால் அதை அமுக்காதீர்கள். படங்களை அடையாளம் காணும் விளையாட்டு ஒன்றில், படத்தில் இருப்பவரின் நிறத்தைச் சொல்லாமல் சமாளித்த வெள்ளையர்கள் விளையாட்டிலும் சறுக்கினார்கள். கறுப்பினக் கூட்டாளியை நேருக்கு நேர் பார்ப்பதும் குறைந்தது. இது 2006-இல் வந்த ஆய்வு. நிறமே தெரியாததுபோல் நடிப்பவர் சிநேகமாகத் தெரிவதில்லை.

குறைகளும் உண்டு. கேள்விகளில் அமெரிக்க நடுத்தர வர்க்க வாசம் தூக்கல். குடும்பத்தில் யாருடைய மரணம் உங்களை மிகவும் உலுக்கும் என்கிற 35-ஆம் கேள்வியை, அண்மையில் இழப்பைச் சந்தித்தவரிடம் நீட்டுவது கொடுமை. 'தாண்டுகிறேன்' என்று சொல்லும் உரிமை இருவருக்கும் உண்டு என்று முன்பே அறிவித்துவிட வேண்டும். அதேபோல், கேலி செய்யவே கூடாத விஷயம் எது என்கிற 32-ஆம் கேள்வி இந்தச் சூழலுக்கு அருமையாகப் பொருந்துகிறது; ஆனால் பலர் நேரம் தீர்ந்து அதுவரை எட்டுவதே இல்லை. மூன்றாம் தொகுதியில் அதை முன்னால் நகர்த்திவிடுங்கள்.

பதற்றத்தைத்தான் இது குறைக்கும். வாடகை வீடு மறுக்கப்படுவதையோ சம்பளப் பாகுபாட்டையோ தொடக்கூடத் தொடாது. அவற்றுக்குப் பதிலாக இதை நடத்திக் கணக்குக் காட்டும் நிர்வாகம் ஏமாற்றுகிறது என்றே கொள்ளலாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் புது ரூம்மேட்டோடு முதல் மாதத்திலேயே முயலலாம், வயதும் நிலையும் சமமாக இருப்பதால். மேலாளரையும் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவரையும் மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள். கடைசியாக யார் முன்னால் அழுதீர்கள் என்பது 30-ஆம் கேள்வி. சம்பள உயர்வைக் கையில் வைத்திருப்பவரிடம் அதற்கு யாரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை.